வேப்பம்பூவும் வெல்லமும்

மாட்டுங்கா, தாராவி, செம்பூர்: மும்பைத் தமிழர்களின் மூன்று பேட்டைகளிலும் பங்குனி, சித்திரை வந்தால் அடுப்பு ஓய்வதில்லை. ஆனால் பண்டிகைச் சமையலைச் செய்யும் கைகள் குறைந்துகொண்டே வருகின்றன.

மகாராஷ்டிர அரசின் விடுமுறைப் பட்டியலில் தமிழ்ப் புத்தாண்டுக்கு இடமில்லை. ஆனாலும் மும்பைத் தமிழர்கள் அன்று லீவு எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. ஏப்ரல் 14 டாக்டர் அம்பேத்கரின் பிறந்த நாள். அதற்காக மாநிலம் முழுவதும் விடுமுறை. மாட்டுங்காவில் வடை தட்டும் மாமிக்கும், தாராவியில் நீலக்கொடி கட்டும் இளைஞருக்கும் ஒரே நாளில் ஓய்வு கிடைக்கிறது. மாமிக்கு ஓய்வு என்பது ஒரு பேச்சுக்குத்தான். அன்று அவர் எழுந்திருப்பது அதிகாலை நான்கு மணிக்கு.

முந்தின நாள் மாலையிலேயே பண்டிகை தொடங்கிவிடுகிறது. மத்திய ரயில்வேயின் மாட்டுங்கா நிலையத்தில் இறங்கி கிங் சர்க்கிள் பக்கம் நடந்தால், நடைபாதையில் மஞ்சள் கொட்டிக் கிடக்கும். விஷுக்கனிக்கான கொன்றைப்பூ. பக்கத்தில் கனி வெள்ளரிக்காய், காம்போடு மாங்காய், நறுக்கிக் கட்டிய வாழையிலை, பலாக்காய், பூசணிக்கீற்று. மளிகைக் கடைகளில் சின்னப் பொட்டலத்தில் உலர்ந்த வேப்பம்பூ. சென்னையில் வாங்க மறந்துவிட்டாலும் இங்கே வாங்கிக்கொள்ளலாம் என்பது மாட்டுங்காவாசிகளின் பழைய பெருமை. தாணே, டோம்பிவிலி, நவி மும்பை என்று தள்ளிப் போய்விட்ட குடும்பங்களும் இந்த ஒரு நாளுக்காக ரயிலேறி இங்கே வருகின்றன. அவர்கள் பையை நிரப்பிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தால் பெட்டி முழுக்கக் கறிவேப்பிலை வாசனை.

மெஸ்ஸில் தொடங்கிய ருசி

மாட்டுங்கா தமிழர் பேட்டையானதற்கு ஒரு வகையில் பிளேக் நோய்தான் காரணம். 1896-ல் பம்பாயைப் பிளேக் தாக்கியது. நெரிசலைக் குறைத்து நகரை விரிவாக்க 1898-ல் பம்பாய் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் அமைக்கப்பட்டது. அது வகுத்த தாதர்-மாட்டுங்கா திட்டத்தில்தான் அகலமான தெருக்களும் மரநிழலும் காற்றோட்டமான மூன்று மாடிக் கட்டடங்களும் வந்தன. டைப்ரைட்டிங், ஷார்ட்ஹேண்ட் சான்றிதழோடு தஞ்சாவூர், பாலக்காடு, திருநெல்வேலிப் பக்கமிருந்து ரயிலேறி வந்த குமாஸ்தாக்கள் இங்கே குடியேறினார்கள். 1932-ல் தென்னிந்தியக் கல்விச் சங்கமான எஸ்.ஐ.ஈ.எஸ். தொடங்கப்பட்டது. கோயில், பஜனை மண்டலி, பாத்திரக்கடை, பட்டுப்புடவைக் கடை எல்லாம் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன.

முதலில் வந்தவர்களில் பெரும்பாலோர் தனியாட்கள். அறையில் நான்கைந்து பேர், சாப்பாடு மெஸ்ஸில். 1937-ல் மணீஸ் லஞ்ச் ஹோம், 1942-ல் மாட்டுங்கா நிலையத்துக்கு எதிரே ராமா நாயக்கின் உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங் என்று வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகள் பிறந்தது இந்தக் கூட்டத்தை நம்பித்தான். அந்தத் தலைமுறைத் தமிழருக்கு பம்பாயில் ஊர் ருசி என்றால் முதலில் மெஸ் ருசிதான். கல்யாணமாகி மனைவி வந்து, ஓரறை வீடு கிடைத்த பிறகே பண்டிகை அடுக்களைக்குள் நுழைந்தது. ஆட்டுக்கல்லும் இட்லிப் பானையும் இரும்பு டிரங்குப் பெட்டியோடு ரயிலில் வந்தன.

அந்த ருசிக்குச் சோதனையும் வந்தது. 1966-ல் சிவசேனா தொடங்கப்பட்டு, தென்னிந்தியர்களுக்கு எதிரான பிரசாரம் சூடுபிடித்தபோது உடுப்பி ஓட்டல்கள் தாக்கப்பட்டன. இன்று அதே நகரில் இட்லியும் தோசையும் எல்லா மொழிக்காரர்களின் காலைச் சிற்றுண்டி. ஞாயிற்றுக்கிழமை காலையில் மாட்டுங்காவின் சிற்றுண்டிச் சாலைகள் முன்னால் பெயர் எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்களில் குஜராத்திகளும் மராத்தியர்களும் ஏராளம்.

ஒரே மரம், பல பெயர்

மும்பைத் தமிழ் வீட்டில் வசந்தகாலப் பண்டிகைகள் சங்கிலி போலத் தொடர்ந்து வருகின்றன. மார்ச் நடுவில், மாசியும் பங்குனியும் சந்திக்கும் நேரத்தில் காரடையான் நோன்பு. வறுத்த அரிசி மாவில் காராமணியும் தேங்காய்த் துண்டும் சேர்த்து, வெல்ல அடை ஒன்று, உப்படை ஒன்று. இட்லித் தட்டில் வாழையிலை விரித்து ஆவியில் வேகவைத்து வெண்ணெயோடு சாப்பிடுவார்கள். எண்ணெயே இல்லாத பண்டிகைப் பலகாரம். ஏறக்குறைய அதே நாட்களில் ஹோலி. கட்டட வாசலில் தீ மூட்டும் மராத்தி வீட்டுக்காரர்கள் அதற்குப் படைத்த பூரண்போளியில் இரண்டைப் பக்கத்து வீட்டுக்கும் கொடுத்தனுப்புவார்கள். நம் ஊர்ப் பருப்புப் போளிக்கு அது அக்காவோ தங்கையோ. அங்கே கோதுமை மாவு, இங்கே பெரும்பாலும் மைதா. பூரணத்தில் அவர்கள் ஜாதிக்காய் போடுவார்கள், நாம் ஏலக்காயோடு நிறுத்திக்கொள்வோம்.

அடுத்து குடிபாட்வா. மராத்தி வீடுகளில் வேப்பங்கொழுந்தை வெல்லத்தோடு அரைத்து வெறும் வயிற்றில் சாப்பிடுகிறார்கள். அதே நாள்தான் தெலுங்கருக்கும் கன்னடியருக்கும் யுகாதி. தெலுங்கு வீட்டில் அறுசுவை சேர்ந்த பச்சடி, கன்னட வீட்டில் வேம்பும் வெல்லமும். சில வாரம் கழித்து நம் வீட்டில் வேப்பம்பூ மாங்காய்ப் பச்சடி. ஒரே குடியிருப்பில் நான்கு மொழிக்காரர்கள் வசித்தாலும், வருஷம் பிறக்கும்போது வாயில் முதலில் படுவது ஒரே மரத்தின் கசப்பு. நடுவில் ராமநவமி. பானகம், நீர்மோர், வடைப்பருப்பு என்று அடுப்பே தேவையில்லாத மூன்று பண்டங்கள். ஏப்ரல் வெயிலுக்கு இதைவிடப் பொருத்தமான மெனுவை எந்த உணவு நிபுணரும் எழுதித் தர முடியாது.

பாலக்காட்டுத் தமிழர்களுக்குப் புத்தாண்டும் விஷுவும் ஒன்றேதான். சில ஆண்டுகளில் விஷு ஒரு நாள் தள்ளி 15-ம் தேதி வந்துவிடும்போது மட்டும் கொண்டாட்டம் இரண்டு நாளாகிறது. வீட்டின் மூத்த பெண் முதல் நாள் இரவே உருளியில் அரிசி, வெள்ளரிக்காய், கொன்றைப்பூ, கண்ணாடி, நாணயம் எல்லாம் அடுக்கி வைப்பார். விடியற்காலையில் குழந்தைகளைக் கண்ணைப் பொத்திக் கூட்டிவந்து கனி காட்டுவார். ஐந்தடிக்கு நான்கடி சமையலறையில் கனியை எங்கே வைப்பது என்பது மும்பைக்கே உரிய பிரச்சினை. பல வீடுகளில் அது சாப்பாட்டு மேஜைமேல் ஏறிவிட்டது. சில வீடுகளில் துணி துவைக்கும் இயந்திரத்தின் மேல்.

மகாராஷ்டிர மண்ணும் இந்தச் சமையலுக்குள் புகுந்துவிட்டது. மார்ச் மாதம் முதல் ரத்னகிரி, தேவ்கட் பக்கமிருந்து ஹாபூஸ் மாம்பழம் வந்து இறங்குகிறது. மாம்பழப் புளிசேரிக்கு நார் நிறைந்த சிறு நாட்டுப் பழம்தான் வேண்டும். ஹாபூஸைக் கொதிக்கவிட எந்த இல்லத்தரசிக்கும் மனம் வராது. அதனால் இலையில் புளிசேரியும், பக்கத்துக் கிண்ணத்தில் ஆம்ரஸும் சேர்ந்தே இடம்பெறுகின்றன. இங்கே பிறந்த குழந்தைகள் மாங்காயைக் கைரி என்றும் கோவைக்காயைத் தொண்ட்லி என்றும் சொல்கிறார்கள். திருத்தும் பாட்டியும் காய்கறிக்காரரிடம் பேரம் பேசும்போது தொண்ட்லி என்றுதான் கேட்கிறார்.

பச்சடி செய்வது இப்படி

நடுத்தரமான மாங்காய் ஒன்றைத் தோல் சீவிச் சின்னத் துண்டுகளாக்கி, மூழ்கும் அளவு தண்ணீரில் சிட்டிகை மஞ்சளும் உப்பும் போட்டு வேகவிட வேண்டும். மாங்காய் குழைந்ததும் பொடித்த வெல்லம். மாங்காயின் புளிப்பைப் பொறுத்து கால் கிண்ணத்தில் தொடங்கி ருசி பார்த்துக் கூட்டிக்கொள்ளலாம். வெல்லத்தில் மண் இருக்கும் என்று தோன்றினால் முதலில் கரைத்து வடிகட்டிவிடுவது நல்லது. சேர்ந்து கொதித்ததும் அரைத் தேக்கரண்டி அரிசி மாவைக் கரைத்து விட்டால் நீர்த்துப்போகாது. கடுகும் மிளகாய் வற்றலும் தாளித்துக் கொட்டியபின், ஒரு தேக்கரண்டி உலர்ந்த வேப்பம்பூவை நெய்யில் சிவக்க வறுத்துப் பரிமாறும் நேரத்தில் மேலே தூவ வேண்டும். முன்பே போட்டால் பச்சடி முழுவதும் கசந்துவிடும். பூ கருகினாலும் கசப்பு மாறி வேறு நெடி வரும். இந்த ஒரு நிமிடத்தில்தான் கைப்பழக்கம் தெரியும்.

தாராவியின் ஏப்ரல் 14

மாட்டுங்காவிலிருந்து நடந்தே போகும் தூரத்தில் தாராவி. இங்கே குடியேறிய தமிழர்களில் பெரும்பாலோர் திருநெல்வேலிச் சீமைக்காரர்கள். தோல் பதனிடும் தொழிலுக்காக வந்த முஸ்லிம்களும் ஆதிதிராவிடர்களும் சதுப்பு நிலத்தை மேடாக்கிக் குடியேறினார்கள். பின்னால் நாடார்களும் கிறிஸ்தவர்களும் வந்தார்கள். சுமார் இரண்டரைச் சதுர கிலோமீட்டருக்குள் கோயில், மசூதி, சர்ச் எல்லாம் அடுத்தடுத்து இருப்பதால் வசந்தகாலச் சமையலும் இங்கே பல வகை.

2022 முதல் 2025 வரை ரமலான் மாதம் மார்ச், ஏப்ரலை ஒட்டியே வந்தது. அப்போது தமிழ் முஸ்லிம் தெருக்களில் மாலையானால் நோன்புக் கஞ்சி வாசனை. பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி, பூண்டு, தேங்காய்ப்பால் சேர்ந்த அந்தக் கஞ்சி பகல் முழுதும் காய்ந்த வயிற்றுக்கு இதம். தவக்காலம் முடிந்து ஈஸ்டர் வந்தால் கிறிஸ்தவ வீடுகளில் கறிக்குழம்பு. ஏப்ரல் 14 அன்று, பலருக்குப் புத்தாண்டைவிடப் பெரிய பண்டிகை அம்பேத்கர் ஜெயந்தி. அவர் தம் புத்தகங்களுக்காகவே கட்டிய ராஜகிருகம் இல்லம் மாட்டுங்காவை ஒட்டிய தாதர் இந்து காலனியில் இருக்கிறது. அன்று வேப்பம்பூப் பச்சடி செய்யும் வீடும் உண்டு. அதைக் கேள்விப்படாமல் ஆட்டுக்கறி வாங்க வரிசையில் நிற்கும் வீடும் உண்டு. எது தமிழ்ப் புத்தாண்டு என்ற சர்ச்சையும் இங்கே தெரிந்ததுதான். 2008-ல் தமிழக அரசு தை முதல் நாளைப் புத்தாண்டாக அறிவித்தது. 2011-ல் மீண்டும் சித்திரைக்கே மாற்றியது. தாராவியில் பொங்கலுக்குத் தெருவோரம் வரிசையாகப் பானை வைக்கும் குடும்பங்களுக்கு அந்த முதல் அறிவிப்பு மகிழ்ச்சியாகவே இருந்திருக்கும்.

ஆனால் தாராவிச் சமையலின் உயிர் பண்டிகையில் இல்லை, இட்லியில் இருக்கிறது. பகலில் ஊறிய அரிசியும் உளுந்தும் மாலையில் கிரைண்டரில் ஏறும். குளிர்காலத்தைவிட ஏப்ரல் புழுக்கத்தில் மாவு சீக்கிரம் பொங்கிவிடும் என்பதால் அரைக்கும் நேரம் இரவை நோக்கித் தள்ளிப்போகும். கணக்குத் தவறினால் மாவு புளித்து அன்றைய பிழைப்பு போச்சு. பின்னிரவில் அடுப்பு எரியும். ஈடு ஈடாக இட்லி வெந்து இறங்கும். மெதுவடையும் சட்னியும் தயாராகும். விடியும்போது அலுமினியப் பாத்திரங்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு, ரப்பர் ஹாரனை அமுக்கியபடி ஆட்கள் நகரெங்கும் கிளம்புவார்கள். மும்பையின் அலுவலக வாசல்களிலும் ரயில் நிலைய ஓரங்களிலும் விற்கும் இட்லியில் பெரும்பங்கு இப்படி ஏதோ ஒரு தாராவி வீட்டில் வெந்ததுதான்.

2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்தபோது இந்த அடுப்புகள் அணைந்தன. ஏப்ரல் 1-ம் தேதி தாராவியில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டார். அந்த ஆண்டுச் சித்திரையில் ஹாரன் சத்தமே இல்லை. ஊருக்குத் திரும்பியவர்கள் பலர் நிலைமை சீரானதும் வந்து மறுபடி மாவு அரைத்தார்கள்.

இப்போது வந்திருக்கும் கேள்வி வேறு. பல ஆண்டுகளாகப் பேச்சளவில் இருந்த தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தில் 2022 நவம்பரில் அதானி குழுமத்தின் ஏலம் முதலிடம் பெற்றது. 2000-ம் ஆண்டு ஜனவரி 1-க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் வசிப்பவர்களுக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடியில் இலவச வீடு, மற்றவர்களுக்குத் தாராவிக்கு வெளியே வீடு என்பது திட்டம். சொந்தக் கழிப்பறையும் குழாய்த் தண்ணீரும் உள்ள வீடு என்றால் யாருக்குத்தான் ஆசை இருக்காது? கூடவே இன்னொரு கணக்கும் ஓடுகிறது. தாராவியில் வீடுதான் பட்டறை. கீழே கிரைண்டர், மேலே படுக்கை. மூட்டை மூட்டையாக அரிசி இறங்கவும், பின்னிரவில் சைக்கிள் கிளம்பவும் தரைத்தளம் வேண்டும். அடுக்குமாடியின் பத்தாவது தளத்தில் லிப்டுக்குக் காத்திருந்து ஆயிரம் இட்லி விற்க முடியுமா? மேல்தளத்தில் வாடகைக்கு இருந்து கூட வேலை செய்யும் ஆள் ஊருக்கு வெளியே போய்விட்டால் விடியற்காலை மூன்று மணிக்கு யார் வருவது? காலையில் இரண்டு இட்லி தின்றுவிட்டு ரயிலைப் பிடிக்கும் மும்பைக்காரருக்கும் இந்தக் கேள்வியில் பங்கு இருக்கிறது.

செம்பூரில் இலைக்கு ஆள் இல்லை

மாட்டுங்காவில் வாடகை எட்டாமல் போனபோது தமிழ்க் குடும்பங்கள் செம்பூருக்கு நகர்ந்தன. டிராம்பே அணுசக்தி மையம், மாஹுல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, உரத் தொழிற்சாலை என்று பக்கத்திலேயே உத்தியோகங்கள் இருந்தன. ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டியில் கச்சேரி, சேடா நகரில் திருச்செம்பூர் முருகன் கோயிலில் பங்குனி உத்திரம் என்று வசந்தகாலம் இங்கேயும் களைகட்டும்.

ஆனால் வீட்டுக்குள் போனால் காட்சி வேறு. அந்த உத்தியோகஸ்தர்கள் ஓய்வுபெற்றுப் பல காலமாகிறது. பிள்ளைகள் பெங்களூரிலோ நியூஜெர்சியிலோ இருக்கிறார்கள். மூன்று படுக்கையறை ஃபிளாட்டில் எழுபது வயதைத் தாண்டிய இரண்டு பேர். வருஷப் பிறப்புக்கு இலை போட்டால் இரண்டே இலை. கூட்டு, பொரியல், அவியல், வடை, பாயசம் என்று முழங்கால் வலியோடு நின்று யாருக்காகச் செய்வது? தொலைபேசியில் சொன்னால் சத்தியச் சாப்பாடு டப்பாக்களில் வந்து இறங்குகிறது. பலர் அப்படித்தான் வாங்குகிறார்கள். அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. வேலைக்குப் போகும் இளம் மருமகளிடம் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்திரு என்று சொல்லும் காலமும் மலையேறிவிட்டது. பண்டிகை என்றால் பெண்களுக்கு மட்டும் இரட்டை வேலை என்ற ஏற்பாடு நல்ல ஏற்பாடாக இருந்ததே இல்லை.

டப்பாச் சாப்பாட்டில் இன்னொரு சிக்கல் உண்டு. எதில் எவ்வளவு உப்பு, எவ்வளவு எண்ணெய் என்பது தெரியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் இந்தியாப் ஆய்வு 2023-ல் வெளியானபோது நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டது. பெரியவர்களில் 11.4 சதவீதம். செம்பூர்ச் சாப்பாட்டு மேஜையில் ஊறுகாய் பாட்டிலுக்குப் பக்கத்தில் மாத்திரைப் பெட்டி இருப்பது சகஜம். வெல்லம் சர்க்கரையைவிட நல்லது என்று சமாதானம் சொல்லிக்கொண்டு இரண்டாவது கிண்ணம் பாயசம் கேட்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: ரத்தத்தில் கலந்தபின் வெல்லமும் சர்க்கரைதான். வேப்பம்பூ கசக்கிறது என்பதற்காக அது பாயசத்தைச் சரிக்கட்டிவிடாது.

இதற்காகப் பண்டிகையைப் பத்தியமாக்க வேண்டியதில்லை. நம் இலையின் பழைய முறையே பாதி வைத்தியம். பரிமாறும் வரிசையில் காய்கறியும் கோசுமல்லியும் முதலில் வருகின்றன. அவற்றையே முதலில் நிறையச் சாப்பிட்டால் சோற்றுக்கு இடம் தானாகக் குறையும். அவியலில் தேங்காயெண்ணெய் கடைசியில் ஒரு கரண்டி போதும், வாசனைக்கு அதுவே தாராளம். பாயசத்தைக் கிண்ணத்தில் ஊற்றாமல் இலையில் ஒரு கரண்டி விட்டால் ருசியும் நிற்கும், அளவும் நிற்கும். அப்பளம், வடை, சிப்ஸ் மூன்றும் ஒரே இலையில் வேண்டுமா என்று ஒரு நிமிஷம் யோசிக்கலாம். ஊறுகாயும் அப்பளமும் சேர்ந்தாலே உப்புக் கணக்கு ஏறிவிடும். ஒருவருக்கு ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராம்தான் பரிந்துரை. மாலையில் டீக்குப் பதிலாக நீர்மோர். இவ்வளவுதான்.

பங்கு போட்டால் பண்டிகை

வேலையைப் பங்கு போடுவதும் அங்கங்கே தொடங்கியிருக்கிறது. ஒரே கட்டடத்தில் இருக்கும் நான்கு குடும்பங்களில் ஒரு வீட்டில் அவியல், ஒரு வீட்டில் சாம்பார், ஒரு வீட்டில் பாயசம். மதியம் எல்லாப் பாத்திரமும் ஒரே கூடத்தில் சேர்கிறது. தாத்தா தேங்காய் துருவுகிறார். பேரன் வீடியோவில் பார்த்துக்கொண்டே வடையில் ஓட்டை போடுகிறான்; அது வடை வடிவில் வராவிட்டாலும் யாரும் விடுவதில்லை. வெளிநாட்டில் இருக்கும் பெண்ணுக்கு பாட்டி தொலைபேசியில் மாங்காயின் புளிப்பை விளக்குகிறார். கிண்ணக் கணக்கு, கரண்டிக் கணக்கு எல்லாம் கேட்டு எழுதிக்கொள்ளும் பெண், கடைசியில் எவ்வளவு உப்பு என்று கேட்டால், கைக்குத் தெரியும் என்ற பதில்தான் வருகிறது. அதையும் எப்படியாவது எழுதி வாங்கிவிட வேண்டிய நேரம் இது.

ஏனென்றால் மூன்று பேட்டையிலும் இந்தச் சமையல் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறியே இவ்வளவு தூரம் வந்திருக்கிறது. தஞ்சாவூரிலிருந்து மெஸ்ஸுக்கு, மெஸ்ஸிலிருந்து ஓரறை வீட்டுக்கு, திருநெல்வேலி அடுப்பிலிருந்து தாராவி கிரைண்டருக்கு. அடுத்து அது யார் கைக்குப் போகும் என்பதைச் செம்பூரின் காலி நாற்காலிகளும் தாராவியின் கட்டட வரைபடமும் ஓரளவு தீர்மானிக்கும். மீதியை வீட்டில் இருப்பவர்கள் தீர்மானிக்கலாம்.

ஏப்ரல் 14 மாலை. மாட்டுங்கா நடைபாதையில் வதங்கிய கொன்றைப்பூவைக் கூட்டி அள்ளிக்கொண்டிருப்பார்கள். தாதர் பக்கமிருந்து ஜெயந்தி ஊர்வலத்தின் மேளச் சத்தம் கேட்கும். செம்பூரில் மிஞ்சிய பச்சடி ஒரு சின்னக் கிண்ணத்தில் பக்கத்து மராத்தி வீட்டுக்குப் போகும். தாராவியில் விடுமுறை அதற்குள் முடிந்திருக்கும். மறுநாள் இட்லிக்கு உளுந்து ஊறிக்கொண்டிருக்கும்.